துண்டுகளை எண்ணும் வேலை

ஜெனான் அணுக்கருக் கற்றையை நியூக்ளியானுக்கு (புரோட்டான் அல்லது நியூட்ரான் ஒவ்வொன்றுக்கும்) 50 மெகா எலக்ட்ரான் வோல்ட் (மெ.எ.வோ.) ஆற்றலில் வெள்ளீய இலக்கின் மேல் விட்டால், நேருக்கு நேர் மோதிய நிகழ்வில் புரோட்டான், ஆல்பாவோடு லித்தியம், கார்பன், ஆக்சிஜன், இன்னும் கனமான துண்டுகளும் தெறிக்கும். எத்தனை துண்டு என்பதே முதல் கேள்வி. அதற்கான விடையில் பாதி டிடெக்டரின் கைவரிசை.

தடிப்புக் கணக்கிலேயே அது தொடங்கிவிடுகிறது. டிடெக்டரின் முன்னடுக்கான 300 மைக்ரான் சிலிக்கான் தகட்டைத் துளைத்து வெளியேறப் புரோட்டானுக்கு 6 மெ.எ.வோ. போதும். ஆல்பாவுக்கு 24. கார்பனுக்கோ ஏறத்தாழ 130 வேண்டும். தகட்டில் இழந்த ஆற்றலையும் பின்னடுக்கில் விட்ட மீதியையும் ஒப்பிட்டுத்தான் துண்டை அடையாளம் காண்கிறோம்; துளைக்காத துண்டின் மின்னூட்டம் தெரியாது. ஆக, மெதுவாக வரும் கனத் துண்டுகள்தான் அதிகம் தொலைகின்றன. அதனால் சராசரி வேகம் கூடிக் காட்டும். பிரான்சின் கான் (Caen) நகரில் உள்ள இந்திரா (INDRA) என்ற டிடெக்டர் தொகுதியில் சிலிக்கானுக்கு முன்னால் குறைந்த அழுத்த வாயு அயனிக் கலன் வைத்திருப்பது இதற்காகத்தான்.

புதிதாக வருபவர்கள் தவறாமல் சறுக்குமிடம் பெரிலியம்-8. அது நொடியில் பத்தாயிரம் டிரில்லியனில் ஒரு பங்கு நேரம்கூடத் தாங்காமல் இரண்டு ஆல்பாக்களாக உடையும். வெளிப்படும் ஆற்றல் வெறும் 0.092 மெ.எ.வோ. என்பதால் அவை விலகிப் போவதில்லை. நியூக்ளியானுக்கு 25 மெ.எ.வோ.வில் அதிகபட்ச விரிகோணமே 2.5 பாகைதான். இரண்டும் ஒரே டெலஸ்கோப்பில் (ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிய டிடெக்டர்களில்) விழுந்தால் ஆற்றல் இழப்பும் இரட்டிக்கும், மொத்த ஆற்றலும் இரட்டிக்கும். இவற்றின் பெருக்கல் நிறை எண்ணையும் மின்னூட்டத்தின் வர்க்கத்தையும் பெருக்கியதற்கு ஏறக்குறைய விகிதமாக இருக்கும். லித்தியம்-7க்கு அது 7 × 9 = 63; இரட்டை ஆல்பாவுக்கு 4 × 16 = 64. ஆற்றல் இழப்பையும் மொத்த ஆற்றலையும் குறிக்கும் வரைபடத்தில் இரண்டும் ஒரே கோட்டில் உட்காரும்! லித்தியம்-7 எதிர்பாராமல் பெருத்துத் தெரிந்தால் இயற்பியல் விளக்கம் தேடுமுன் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். டெலஸ்கோப்பைச் சிறிதாக்கினால் சிக்கல் குறையும், ஒழியாது.

சிலிக்கான் படிகத் தளங்களுக்கிடையே நுழைந்துவிடும் துகள் குறைவாகவே ஆற்றல் இழக்கும். அந்த வரைபடத்தின் கோட்டுக்குக் கீழே வால் முளைக்கும். தகட்டை அச்சிலிருந்து சில பாகை சாய்த்து வெட்டினால் சரியாகும்.

மோதலின் மையத்தன்மையை (எவ்வளவு நேருக்கு நேர் மோதியது என்பதை) மின்னூட்டத் துகள் எண்ணிக்கையால் தேர்ந்தெடுத்துவிட்டு, அதே நிகழ்வுகளில் துண்டு எண்ணிக்கையை ஆராய்வது இன்னொரு பொறி. துண்டுகளும் அந்த எண்ணிக்கைக்குள்ளேயே அடங்கியவை, ஆதலால் கிடைக்கும் தொடர்பில் ஒரு பங்கு நாமே புகுத்தியது. லேசான துகள்களின் குறுக்கு ஆற்றலை (கற்றைக்குச் செங்குத்தான திசையில் உள்ள ஆற்றலை) வைத்துத் தேர்ந்தால் அவ்வளவு மோசமில்லை. மொத்த மின்னூட்டத்தில் 80 விழுக்காடாவது சிக்கிய நிகழ்வுகளை மட்டும் எடுப்பது நல்ல வழக்கம். ஆனால் உரசிப் போகும் மோதல்களை அதுவே வடிகட்டிவிடுகிறது. இலக்கை ஒட்டிய மெதுவான துண்டு, டிடெக்டர் பதிவு செய்யத் தேவையான குறைந்தபட்ச ஆற்றலைத் தாண்டாமல் நின்றுபோவதால் கூட்டுத்தொகை எட்டாது. ஒரே தேர்வு வரம்பை எல்லா மோதல் வகைக்கும் போடுபவர்களின் வரைபடங்களை நம்ப முடியாது.