பஸ் தரிப்பிடம் ஒன்றுக்காகப் பொதுக்கூட்டத்தில் பேசிய அனுபவம்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பஸ், ரயில் சேவை நடத்தும் நிறுவனங்கள் வருடத்துக்கு ஒரு தடவையாவது மாற்றுத்திறனாளிகளை அழைத்துக் கூட்டம் வைக்க வேண்டும். தங்கள் அணுகுவசதித் திட்டம், அதாவது மாற்றுத்திறனாளிகளும் தடையில்லாமல் சேவையைப் பயன்படுத்துவதற்கான திட்டம், எப்படி இருக்கிறது என்று அவர்களிடமே கேட்க வேண்டும். 2011ஆம் ஆண்டு வந்த ஒழுங்குவிதி இது. நாங்கள் இருப்பது ரொறன்ரோவுக்கு வெளியே, தமிழர் நிறைய வாழும் ஒரு நகரம். இங்கே இத்தனை வருடம் இருந்தும் இப்படி ஒரு கூட்டம் நடப்பது நூலகத்தில் ஒட்டியிருந்த அறிவித்தலைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

பாரிசவாதம் வந்த பிறகு அம்மா சக்கர நாற்காலியில்தான் வெளியே போகிறார். பஸ்ஸில் சரிவுப்பலகை இருக்கிறது, சாரதிகளும் பொறுமையாக இறக்கிவிடுவார்கள். ஆனால் எங்கள் வீட்டுக்குக் கிட்ட உள்ள தரிப்பிடத்தில் வீதிக்கும் நடைபாதைக்கும் நடுவில் வெறும் புல்தரை. மழை பெய்தால் சில்லு புதையும். மாரியில் வீதியிலிருந்து தள்ளிய பனி அங்கேதான் குவியும். தொலைபேசியில் கேட்டால் போக்குவரத்து நிறுவனம் நகரசபையைக் கைகாட்டும், நகரசபை போக்குவரத்து நிறுவனத்தைக் கைகாட்டும்.

"வீட்டு வாசலுக்கே வருகிற விசேட வாகனம் இருக்கிறதே" என்று பலர் சொன்னார்கள். அந்தச் சேவை தேவைப்படுகிறவர்கள் கட்டாயம் விண்ணப்பியுங்கள். பூர்த்தியான விண்ணப்பம் கொடுத்து 14 நாட்களுக்குள் முடிவு வராவிட்டால், முடிவு வரும்வரை உங்களைத் தற்காலிகமாகத் தகுதி உள்ளவராக எடுக்க வேண்டும் என்பதும் அதே ஒழுங்குவிதியில் இருக்கிறது. அம்மாவிடமும் அந்த அனுமதி உண்டு. ஆனால் அதற்கு முன்கூட்டியே பதிய வேண்டும். வெள்ளிக்கிழமை பின்னேரம் கோயிலுக்குப் போக மனம் வந்தால் எல்லாரையும் போல பஸ் ஏறிப் போகத்தான் அவருக்கு விருப்பம். அது நியாயமான விருப்பம்.

கூட்டத்துக்குப் பதியும்போது தமிழ் உரைபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று கேட்டேன். அப்படி ஒழுங்கு இல்லை, நீங்களே மொழிபெயர்க்கலாம், அதற்காகக் கூடுதல் நேரம் தருகிறோம் என்றார்கள். கேட்டிராவிட்டால் அந்த நேரமும் கிடைத்திருக்காது.

அம்மாவைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரிய வேலை. "நான் என்னத்தைக் கதைக்கிறது பிள்ளை, நீயே சொல்லு" என்றார். அவருக்கு டேவிட் லெப்பொவ்ஸ்கியின் கதையைச் சொன்னேன். கண்பார்வை இல்லாத வழக்கறிஞர் அவர். ரொறன்ரோவில் தரிப்பிடங்களின் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும் என்று மனித உரிமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார். 2005இல் சுரங்க ரயிலுக்கும், 2007இல் பஸ்ஸுக்கும் வீதி ரயிலுக்கும் வென்றார். பொதுக்கூட்டம் நடத்தும்படியும் அந்த இரண்டாவது வழக்கில் உத்தரவு வந்தது. பஸ்ஸில் அடுத்த தரிப்பிடத்தின் பெயரைக் கேட்டுத்தான் அம்மா இறங்க ஆயத்தமாவார். "அது அந்த மனிசன் வாங்கித் தந்ததோ?" என்று கேட்டார். அதற்குப் பிறகு மறுப்புச் சொல்லவில்லை.

கூட்டத்தில் முதல் பாதி நிறுவனத்தின் விளக்கவுரை. அது கொஞ்சம் நீளம்தான். திரையில் பேச்சு எழுத்தாக ஓடியது, சைகைமொழி பெயர்ப்பாளர்களும் நின்றார்கள். அம்மாவின் முறை வந்தபோது அவர் தமிழில் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் சொன்னேன். பொதுவாக "வசதி போதாது" என்று போகாமல், தரிப்பிட இலக்கத்தைச் சொல்லி, மழை நாளிலும் பனி நாளிலும் எடுத்த படங்களைக் கொடுத்து, சீமெந்துத் தளம் ஒன்று வேண்டும் என்று மட்டும் கேட்டோம். பதில் எழுத்தில் வேண்டும் என்றும் சொன்னோம். பொதுவாகப் பேசியவர்களுக்கு நன்றி மட்டும் கிடைத்தது. எங்களிடம் ஒரு அதிகாரி எழுந்து வந்து, நாற்காலி எந்தப் பக்கம் திரும்புகிறது, எவ்வளவு இடம் தேவை என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

அதைவிடப் பெரிய பயன் வெளியே வரும்போது கிடைத்தது. நகரசபையின் அணுகுவசதி ஆலோசனைக் குழுவில் இருக்கும் ஒரு பெண்மணி எங்களைப் பிடித்துக்கொண்டார். 10,000 பேருக்குக் குறையாத ஒவ்வொரு நகரத்திலும் அப்படி ஒரு குழு இருக்க வேண்டும், அதில் பெரும்பான்மை மாற்றுத்திறனாளிகளாக இருக்க வேண்டும் என்பது சட்டம். பஸ் தரிப்பிடங்களை எப்படிக் கட்டுவது என்ற விதிமுறைகளை உருவாக்கும்போது நகரசபை இந்தக் குழுவையும் பொதுமக்களையும் கேட்டே ஆக வேண்டுமாம். எங்கள் நகரத்தில் அந்த வேலை அப்போதுதான் நடந்துகொண்டிருந்தது. ஒரு தரிப்பிடத்துக்காகப் போன எங்களுக்கு, எல்லாத் தரிப்பிடங்களுக்கும் பொருந்தும் விதியில் கருத்துச் சொல்ல வழி கிடைத்தது. பனி குவியும் இடம் பற்றி அம்மா சொன்னதை எழுதி அனுப்பினோம்.

எழுத்தில் பதில் வந்தது. அடுத்த கோடையில் புல்தரை இருந்த இடத்தில் சீமெந்து போட்டுவிட்டார்கள். பனி அகற்றுவது மட்டும் இன்னும் சரிவரவில்லை. அதற்கு ஆலோசனைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் பேச அம்மா பெயர் கொடுத்திருக்கிறார். எங்கள் கட்டடத்தில் வோக்கரோடு நடக்கும் ஒரு ஐயாவும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்.