கொழிஞ்சாம்பாறையில் சோலார்: கடனையும் மானியத்தையும் சேர்த்து வாங்கிய அனுபவம்

எங்கள் வீடு பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். கேரளம் என்றதும் எந்நேரமும் மழை பெய்யும் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரம் மழை மறைவுப் பகுதி; மாசி பிறந்தாலே வெயில் மண்டையைப் பிளக்கும். ஏசி போடாமல் அம்மாவால் தூங்க முடியாது. அங்கேதான் பில் எகிறும். மாதம் 250 யூனிட் வரை கேஎஸ்இபி (கேரள மின்வாரியம்) படிப்படியாக விலை ஏற்றும். அதைத் தாண்டிவிட்டால் முதல் யூனிட்டிலிருந்தே எல்லாவற்றுக்கும் ஒரே உயர்ந்த விலை. பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் 500 யூனிட்டுக்கு நாலு யூனிட் கூடினாலும் போச்சு.

வீட்டு மாடியில் சோலார் போட மத்திய அரசு உதவும் பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் மானியம் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டுக்கு 78,000. அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் அதே 78,000தான். பக்கத்தில் போட்டவர்கள் எல்லாரும் 3 கிலோவாட்டே போட்டிருந்தார்கள், சோலார் கம்பெனிப் பையனும் அதையே சொன்னான். எனக்குக் கணக்கு இடித்தது: மூன்றாவது கிலோவாட்டுக்கு அரசு தருவது 18,000 மட்டும், மீதியெல்லாம் நம் கடன். அதனால் முதலில் செலவைக் குறைத்தோம். பழைய 75 வாட் ஃபேன்களைக் கழற்றி 30 வாட்டுக்குள் ஓடும் பிஎல்டிசி ஃபேன் மாட்டினோம். மிச்சமிருந்த டியூப் லைட்டுகளும் எல்இடி ஆயின. ஒரு கிலோவாட் பேனல் நாளொன்றுக்கு நாலு யூனிட் அளவுக்குத் தரும். 2 கிலோவாட் போதும் என்று முடிவானது.

அப்புறம்தான் காகித வேலை. கரண்ட் கனெக்ஷன் காலமான அப்பா பெயரில் இருந்தது. இந்தத் திட்டத்தின் தேசிய போர்ட்டலில் கன்ஸ்யூமர் நம்பரைப் போட்டுத்தான் விண்ணப்பம். பில்லில் யார் பெயரோ அவருக்குத்தான் மானியம். கேஎஸ்இபி செக்ஷன் ஆபீஸில் தமிழ் பேசும் ஓவர்சீயர் ஒருவர், “பேரு மாத்தாம போர்ட்டல் பக்கமே போகாதீங்கக்கா” என்றார். பாகப் பத்திரம், கரம் (நிலவரி) கட்டிய ரசீது, பஞ்சாயத்துக் கட்டட வரி ரசீது, ஆதார் எல்லாம் கொடுத்துப் பெயர் மாற்றினோம். தமிழ்க் குடும்பங்களுக்கு இன்னொரு வம்பு இன்ஷியல். ஆதாரில் அப்பா பெயர் முழுசாக இருக்கும், பாஸ்புக்கில் ஓர் எழுத்து மட்டும் இருக்கும். பில், ஆதார், பாஸ்புக் மூன்றிலும் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று பேங்கிலும் எழுதிக் கொடுத்துத் திருத்தினேன். பெயர் மாற்றத்துக்குத்தான் அதிக நாள் பிடித்தது. 10 கிலோவாட் வரை தனியாகச் சாத்தியக்கூறு ஆய்வு கிடையாது என்பதால் போர்ட்டல் அனுமதி தானாகவே வந்துவிட்டது.

கடனுக்கு ஜன்சமர்த் என்ற அரசுக் கடன் போர்ட்டல் வழியாக விண்ணப்பித்தோம். 3 கிலோவாட் வரை 2 லட்சத்துக்குள் பிணை இல்லாத கடன். வட்டி, ரெப்போ விகிதத்துக்கு (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) மேல் அரை சதவீதம். பத்து சதவீதம் நம் கைக்காசு. எங்கள் கொட்டேஷன் 1,40,000. 14,000 நான் போட்டது, 1,26,000 கடன். கிளையில் உட்கார்ந்திருந்தவர் வீட்டுப் பத்திரம் கொண்டுவாருங்கள் என்றார். பிணை வேண்டாத கடனுக்குப் பத்திரம் எதற்கு? திட்ட விதியை அச்செடுத்து மேசையில் வைத்தேன். வாக்குவாதம் ஒன்றும் இல்லை. படித்துப் பார்த்துவிட்டு வரி ரசீதே போதும் என்றார். பணம் நம் கைக்கு வராது, நேரே கம்பெனிக் கணக்குக்குப் போகும்.

மாடியில் இடம் பார்த்த நாள் நான் கூடவே நின்றேன். பக்கத்துத் தோப்புத் தென்னை ஒன்றின் நிழல் மதியம் மூன்று மணிக்கு மேல் மேற்கு மூலையில் விழுகிறது. ஒரு பேனலில் நிழல் பட்டாலும் அதே வரிசையில் உள்ள மற்றவற்றின் உற்பத்தியும் குறையும். சாக்பீஸால் நிழலின் ஓரத்தைக் கோடு போட்டு, அதற்கு இந்தப் பக்கம் மட்டும் பேனல் வைக்கச் சொன்னேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சும்மா விடாது என்பதால் கால்களுக்குக் கான்கிரீட் கட்டையும் கேட்டு வாங்கினேன். பேனலில் இந்தியச் செல் உள்ள டிசிஆர் வகை என்று இருக்கிறதா பாருங்கள். அது இல்லாவிட்டால் மானியம் இல்லை.

நாம் வாங்கும் கரண்டையும் திருப்பிக் கொடுக்கும் கரண்டையும் அளக்கும் நெட் மீட்டர் சோதனை முடிந்து வரும்வரை பேனல்கள் வெயிலில் சும்மா கிடந்தன. அதைப் பார்க்கத்தான் எரிச்சலாக இருந்தது. மீட்டர் மாட்டி, கேஎஸ்இபி ஆய்வு முடிந்து, போர்ட்டலில் கமிஷனிங் சான்று (இயங்கத் தொடங்கியதற்கான சான்று) ஏறிய பிறகே மானியம் கேட்க முடியும். ஆக, மானியத்தை நம்பி வேலையைத் தொடங்க முடியாது. அதுவரை தாங்குவது கடன்தான். நான் கடன் வாங்கிய கிளையில் உள்ள கணக்கு எண்ணையே போர்ட்டலில் கொடுத்தேன். 60,000 வந்து விழுந்த அன்றே அசலில் கழிக்கச் சொல்லிக் கடிதம் கொடுத்தேன்.

இங்கே ஒரு விஷயம், யாரும் நமக்காகச் சொல்ல மாட்டார்கள். பத்து வருஷக் கடனுக்கு ஏழு சதவீத வட்டி என்று வைத்தால் மாதத் தவணை சுமார் 1,460. அசல் 66,000 ஆனதும் தவணையைக் கிட்டத்தட்ட 770 ஆகக் குறைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் பழைய தவணையையே கட்டி நாலரை வருஷத்துக்குள் முடித்துவிடலாம். எது வேண்டும் என்று எழுதித்தான் கேட்க வேண்டும். நான் இரண்டாவதைக் கேட்டேன்.

பில் முழுசாகப் பூஜ்யம் ஆகாது, நிலைக்கட்டணம் வரும். கரண்ட் போனால் இதுவும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறும் லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக்கூடாது என்று இன்வெர்ட்டர் தானாக அணைந்துவிடும். இது தெரியாமல் அம்மா முதல் மின்தடையில் கம்பெனிப் பையனை ஒரு பிடி பிடித்துவிட்டார். இந்தத் திட்டம் 2026-27 நிதியாண்டு வரைதான். கனெக்ஷன் இன்னும் தாத்தா பெயரில் இருப்பவர்கள் பேனல் விலையை அப்புறம் விசாரிக்கலாம், இந்த வாரமே செக்ஷன் ஆபீஸுக்குப் போய்ப் பெயர் மாற்றத்துக்கு எழுதிக் கொடுங்கள்.