சவ்வில் நானோகுழாய்: வாய்மொழித் தேர்வுக்குச் செல்வோருக்கு

முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வில் தேறிவிட்டேன் என்பது நேற்று உறுதியானது. பெரும் பாரம் இறங்கிய நிம்மதியில், கார்பன் நானோகுழாய் (கார்பன் அணுக்களாலான மிக நுண்ணிய குழாய்) போன்ற நானோபொருள் சேர்த்த சவ்வுகளால் மருந்துகளைப் பிரித்தெடுக்கும் ஆய்வில் இருப்போருக்காக இதை எழுதுகிறேன்.

நுண்துளைகளுள்ள குழல் போன்ற இழையின் சுவரையே சவ்வாகக் கொள்ளும் உள்ளீடற்ற இழை முறை 1999-இலும், மின்னழுத்தத்தால் மருந்தைச் சவ்வு வழியே இழுக்கும் மின்சவ்வு முறை 2006-இலும் வந்தன என்ற அளவுக்கு வரலாறு போதும். சவ்வில் நானோகுழாய் ஏன் என்ற கேள்விக்கு, "பரப்பளவு மிகுதி, ஆகவே மீட்பு (மாதிரியிலிருந்த மருந்தில் பிரித்தெடுத்த பங்கு) மிகுதி" என்ற ஒற்றை விடையை மட்டும் நம்பிச் செல்லாதீர்கள். நானோகுழாய் மருந்தை அவ்வளவு இறுகப் பற்றுமானால், மருந்து ஏன் அதை விட்டு மறுபக்கம் இறங்க வேண்டும் என்று உடனே கேட்பார்கள். என் தேர்வின் பாதி நேரம் இந்தக் கேள்வியைச் சுற்றியே நகர்ந்தது.

எனக்குக் கைகொடுத்தது பலகையில் வரைந்த குறுக்குவெட்டுப் படம். நடுவில் 200 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள பாலிபுரோப்பிலீன் சுவர். அதன் நுண்துளைகளில் நீரோடு கலவாத கரைப்பானான ஆக்டனாலும் நானோகுழாயும். இடப்புறம் மாதிரி, பிஹெச் 12. வலப்புறம் மருந்து வந்து சேரும் ஏற்புக் கரைசல், பிஹெச் 2. கார மருந்தான அமிட்ரிப்டிலின் இடப்புறத்தில் மின்னூட்டமற்றிருப்பதால் ஆக்டனாலுக்குள் நுழைகிறது. அதன் அரோமாட்டிக் வளையங்களைக் குழாயின் பை எலக்ட்ரான்கள் ஈர்ப்பதால் சவ்வுக்குள் சேரும் அளவு கூடுகிறது. வலப்புற எல்லையை எட்டியதும் புரோட்டான் ஏற்று அயனியாகிவிடுவதால், அதனால் ஆக்டனாலுக்குத் திரும்ப முடிவதில்லை. இந்தப் பரவல் இடையறாது நடப்பதால் குழாயில் ஒட்டிய மூலக்கூறுகளும் படிப்படியாக விடுபடுகின்றன. குழாயை அளவுக்கு மீறிச் சேர்த்தால் அவை திரண்டு துளைகளை அடைக்கும், மருந்தும் சவ்விலேயே தங்கிவிடும்; உகந்த அளவு ஒன்று இருப்பதற்குக் காரணம் இதுவே. டைக்ளோஃபெனாக் போன்ற அமில மருந்தானால் இரு பக்கப் பிஹெச்சையும் மாற்றி வரையுங்கள்.

நான் வரைந்து சிந்திப்பவன். பேசியே விளக்குவோரும் ஒருமுறை வரைந்து பார்ப்பது நல்லது என்பேன்.

மேலும் தயாராக இருக்க வேண்டியவை:

- செறிவூட்டல் காரணியையும் (மருந்தின் செறிவு எத்தனை மடங்கு கூடியது என்பது) மீட்பையும் குழப்பாதீர்கள். மாதிரி 10 மில்லிலிட்டர், ஏற்புக் கரைசல் 20 மைக்ரோலிட்டர் என்றால் காரணி 500-ஐத் தாண்டாது. 200 கிடைத்தால் மீட்பு 40 விழுக்காடு.
- நானோகுழாய் இல்லாத இழையின் முடிவு, அதே நிபந்தனைகளில். இது இல்லாமல் முன்னேற்றம் என்று எதையும் கோர முடியாது.
- அமிலத்தில் கொதிக்கவைத்துக் கார்பாக்சில் தொகுதி சேர்த்ததன் காரணம்: குழாய்கள் திரளாமல் சீராகப் பரவுதல்.

இரத்தப் பிளாஸ்மாவில் மருந்தின் ஒரு பகுதி புரதத்தோடு பிணைந்திருக்கும். நீரில் பெற்ற மீட்பு பிளாஸ்மாவில் குறைந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள். மாதிரியை நீர்க்கச் செய்ததன் காரணத்தையும் அதோடு சேர்த்தே விளக்கிவிடுங்கள்.