புல்லை எண்ணுறதோட சேத்து சேறும் அள்ள ஆரம்பிச்ச கதை

தேவிபட்டினம் கடல்ல சதுரச் சட்டம் போட்டு கடல்புல் எண்ணுற வேலை எங்க டீம்ல நான் சேர்றதுக்கு முன்னாடியே நடந்துட்டு இருந்துச்சு, சூடு, உப்பு, கலங்கல் எல்லாம் மாசாமாசம் நோட்டுல ஏறும். இதுல நுண்ணுயிரையும் சேக்கணும்னு நான்தான் பிடிவாதமா நின்னேன். ஏன்னா புல்லு குறைஞ்சிருச்சுன்னு எண்ணிக்கை சொல்றப்போ சேதம் ஏற்கனவே நடந்து முடிஞ்சிருக்கும். வேருக்கு நைட்ரஜன் புடிச்சுக் குடுக்குற பாக்டீரியாவும் அந்தச் சேத்துலதான் இருக்கு, அழுகுன முட்டை நாத்தம் வருதே, அந்த ஹைட்ரஜன் சல்ஃபைடை உண்டாக்கி வேரையே நஞ்சாக்குறதும் அங்கதான் இருக்கு. 2019 செப்டம்பர்ல பாம்பன் பக்கம் கடலே பச்சையாகி மீன் செத்து ஒதுங்குச்சுல்ல, அதுவும் நாக்டிலூகாங்குற ஒரே செல்லு உயிர் பெருகுனதாலதான். அப்புறம் எப்படி இதுகளை விட்டுட்டு கடலைக் கண்காணிக்கிறோம்னு சொல்றது?

அனுமதிக்கு மட்டும் பல மாசம் போச்சு. ஒரு ஆபீஸ்ல என் ஃபைலையே தொலைச்சுட்டு திரும்ப எழுதிக் குடுக்கச் சொன்னாங்க, குடுத்தேன். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவுக்குள்ள இருக்குற 21 தீவு பக்கமே போகாம, தேவிபட்டினத்துல ரெண்டு இடம், ஏர்வாடி பக்கம் ரெண்டு இடம்னு வச்சுக்கிட்டோம், முதல் ரெண்டும் பாக் விரிகுடா, அடுத்த ரெண்டும் மன்னார் வளைகுடா.

சேத்தோட தண்ணியையும் எடுப்போம், ஃபில்டர்ல தங்குற நுண்ணுயிரோட டிஎன்ஏவை வச்சுத்தான் எது எவ்வளவு இருக்குன்னு பாப்போம். முதல்ல தண்ணி வடிகட்டுறதுலயே திணறிட்டேன். 0.22 மைக்ரான் ஃபில்டர், தெளிஞ்ச நாள்ல ஒரு லிட்டர் இறங்கிரும், ஐப்பசி மழைக்கு அப்புறம் கால் லிட்டர்லயே அடைச்சுக்கும். அதனால எத்தனை மில்லி இறங்குச்சுன்னு ஒவ்வொரு தடவையும் எழுதியே ஆகணும், இல்லன்னா ஒரு மாசத்தை இன்னொரு மாசத்தோட ஒப்பிடவே முடியாது. இன்னொண்ணு, கடல்தண்ணிக்குப் பதிலா சுத்தமான தண்ணியையும் படகுலயே அதே பம்புல வடிகட்டி எடுத்துட்டு வரணும். நம்ம கையிலேருந்தும் டிஎன்ஏ எடுக்குற கிட்டுலேருந்தும் வர்ற டிஎன்ஏ எவ்வளவுன்னு அது ஒண்ணுதான் காட்டும், இதை யாரும் விட்டுறாதீங்க.

லேப் இருக்குற மதுரைக்கு பஸ்ல போக மூணு மணி நேரத்துக்கு மேல ஆகும், ஐஸ் கம்பெனி ஐஸை மட்டும் நம்ப முடியாது, அதனால டிஎன்ஏ கெடாம வைக்குற திரவத்துலயே ஃபில்டரைப் போட்டுருவோம்.

எங்களை ரொம்ப ஆட்டி வச்சது ஏழாவது மாசம்தான். டிஎன்ஏ எடுக்குற கிட் தீந்துபோச்சு, கிடைச்ச வேற கிட்டை வாங்கிட்டோம். ரிசல்ட் வந்தா தடிச்ச செல்சுவர் உள்ள பாக்டீரியா நாலு இடத்துலயும் ஒரேயடியா கூடியிருக்கு! அது கார்த்திகை மாசம், மழைத்தண்ணி கடலுக்கு அடிச்சுட்டு வந்துருச்சுன்னு நாங்களே காரணமும் சொல்லிக்கிட்டோம். எனக்கு மட்டும் உறுத்திக்கிட்டே இருந்துச்சு. புது கிட்டுல சின்னச் சின்ன மணி போட்டுக் குலுக்கி செல்லை உடைப்பாங்க, தடிச்ச சுவரும் உடைஞ்சு டிஎன்ஏ வெளிய வந்துரும், பழசுல அது கிடையாது. சரின்னு மைனஸ் 80 ஃப்ரீசர்ல உபரியா வச்சிருந்த ஆவணி மாசச் சேத்தை எடுத்து புது கிட்டுல ஓட்டிப் பாத்தா அதுலயும் அதே மாதிரி கூடிருச்சு. கடல்ல ஒண்ணும் மாறல, கிட்தான் மாறியிருக்கு. உபரி மட்டும் இல்லாம இருந்திருந்தா மழைதான் காரணம்னு ரிப்போர்ட்டே எழுதியிருப்போம், அதை நெனச்சா இப்பவும் வயித்தைக் கலக்குது.

முதல் ஆறு மாசத்து உபரி முழுக்க மறுபடி ஓட்டவே செலவாயிருச்சு. அதுலேருந்து ஒவ்வொரு சாம்பிளையும் மூணா பிரிக்கிறோம், மூணாவது ட்யூபை யாரும் தொடவே கூடாது. பத்து வருஷம் கழிச்சு வர்ற பிள்ளைங்க கையில என்ன மெஷின் இருக்குமோ, அவங்களுக்கு இந்த வருஷத்துச் சேறு வேணும்ல.

படகுக்கார அண்ணன்கிட்ட கத்துக்கிட்டதையும் சொல்லியாகணும். நாங்க தேதி, நேரம், ஜிபிஎஸ் மட்டும் எழுதிட்டு இருந்தோம். அவர்தான், "தம்பி, வாடையா கச்சானான்னு எழுதாம தண்ணியை மட்டும் அள்ளுறீங்களே, நீவாடு எந்தப் பக்கம்னு பாக்க வேணாமா"ன்னு கேட்டார். வாடைன்னா வடக்குப் பக்கத்துக் காத்து, கச்சான்னா மேற்குப் பக்கத்துக் காத்து, நீவாடுன்னா கடல் நீரோட்டம். வாடைக்காலத்துல பாம்பன் வழியா பாக் விரிகுடாத் தண்ணி மன்னார் பக்கம் இறங்கும், அப்போ ஏர்வாடியில அள்ளுற தண்ணி எங்கேருந்து வந்ததுன்னு யோசிக்காம முடிவு எழுதுனா தப்பாத்தான் போகும். இப்போ எங்க தாள்ல காத்துக்கு ஒரு கட்டம், நீவாட்டுக்கு ஒரு கட்டம், அவர் சொல்ற வார்த்தையிலயே எழுதுறோம்.

நேத்து ராத்திரி போன் பண்ணி நீவாடு திரும்பிருச்சுன்னார். பம்பை ப்ளீச் போட்டுக் கழுவி வச்சாச்சு, விடியக்காலை நாலரைக்குப் படகு.