2012 கம்ப்யூட்டர் போர்டில் புதுக் கார்டு ஏற்றிய கதை

எங்கள் கடை கேரளத்துப் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில். கல்யாணப் பத்திரிகை, சீர் அழைப்பிதழ், கோயில் நோட்டீஸ் எல்லாம் தமிழிலும் மலையாளத்திலும் அடித்துக் கொடுக்கிறோம். மாப்பிள்ளை வீட்டுக்குத் தமிழ்ப் பக்கம், பெண் வீட்டுக்கு மலையாளப் பக்கம், ஒரே பத்திரிகையில் வேண்டும் என்று கேட்பவர்கள் இங்கே நிறைய. இத்தனைக்கும் உழைப்பது 2012இல் வாங்கிய ஒரே கம்ப்யூட்டர். ஐ5 2400 ப்ராசசர், ஹெச்61 சிப்செட் உள்ள மதர்போர்டு, 8 ஜிபி ரேம்.

போன வருசம் 27 இன்ச் மானிட்டர் ஒன்று வாங்கினேன். 2560க்கு 1440. போர்டில் மானிட்டர் மாட்ட இருப்பது விஜிஏ என்ற பழைய வகை போர்ட் மட்டும். அதில் மாட்டினால் மலையாளக் கூட்டெழுத்துகள் பிசிறடித்துத் தெரிந்தன. ஹார்ட் டிஸ்கும் கிழடு தட்டிவிட்டது. பத்திரிகை வடிவமைக்கும் கோரல் டிரா சாஃப்ட்வேர் திறப்பதற்குள் டீக்கடைக்குப் போய் வந்துவிடலாம். புதுசு வாங்கிவிடுங்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். நாலு கோர் உள்ள நல்ல ப்ராசசரைத் தூக்கிப் போட எனக்கு மனசு வரவில்லை. மானிட்டருக்குப் படம் அனுப்ப ஒரு கிராபிக்ஸ் கார்டு, ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக வேகமான என்விஎம்இ வகை எஸ்எஸ்டி ஒன்று. இரண்டு கார்டு ஏற்றினால் போதும் என்று முடிவு செய்தேன்.

வேலந்தாவளம் வழியாக பஸ் பிடித்து கோயம்புத்தூர் போனேன். காந்திபுரத்தில் ஒரு கடையில், தனியாக பவர் ஒயர் தேவைப்படாத புது மாடல் கார்டு ஒன்றைக் காட்டினார்கள். போர்டு ஸ்லாட்டில் சொருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் வகை, தலைமுறை 4.0. என் போர்டில் இருப்பது 2.0. அது பிரச்சினையே இல்லை என்றார் கடைக்காரர். அவர் சொன்னது பொய்யில்லை. பிசிஐ எக்ஸ்பிரஸில் புதுக் கார்டு பழைய ஸ்லாட்டின் வேகத்துக்கு இறங்கிப் பேசும். பெரிய ஸ்லாட் 75 வாட் வரை கொடுக்கும், கார்டுக்கு அதற்குக் குறைவாகத்தான் வேண்டும். அதனால் கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பழைய எஸ்எம்பிஎஸ் பெட்டியும் தாங்கும்.

வீட்டுக்கு வந்து கேபினெட்டைத் திறந்தேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எங்கள் ஊர் மண்ணை எங்கெல்லாம் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். பன்னிரண்டு வருசமாக எதுவும் மாட்டாத ஸ்லாட்டுக்குள் செம்மண் பொடி திரியாகப் படிந்திருந்தது. பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டி எடுத்தேன். கார்டு 'டக்'கென்று உட்கார்ந்தது. சுவிட்சைப் போட்டேன். ஃபேன் சுற்றியது. ஒரு நீள பீப், இரண்டு குட்டை பீப். ஸ்கிரீன் கறுப்பு.

கார்டைக் கழற்றி மாட்டினேன். பொன்முலாம் பூசிய விளிம்பை ரப்பரால் தேய்த்துத் துடைத்தேன். ரேமை மாற்றி மாற்றிப் போட்டேன். போர்டின் செட்டிங்கை நினைவில் வைத்திருக்கும் சிஎம்ஓஎஸ் பேட்டரியைக் கழற்றிப் பத்து நிமிடம் விட்டேன். திரும்பத் திரும்ப அதே மூன்று பீப். மறுநாள் பக்கத்துச் சித்தூரில் இருக்கும் மச்சான் வீட்டுக்கு எடுத்துப் போய் அவருடைய 2019 மெஷினில் மாட்டினால் முதல் தடவையே படம் வந்தது. கார்டு நல்ல கார்டுதான்.

இரண்டு ராத்திரி தேடிய பிறகு புரிந்தது. சுவிட்சைப் போட்டதும், விண்டோஸ் திறப்பதற்கு முன்பே கார்டை எழுப்ப வேண்டியது பயாஸ், அதாவது போர்டுக்குள்ளேயே இருக்கும் துவக்க புரோகிராம். அதற்கான சின்ன புரோகிராமை ஒவ்வொரு கிராபிக்ஸ் கார்டும் தன் சிப்பிலேயே சுமந்து வருகிறது. பழைய பயாஸுக்குப் பழைய வகை புரோகிராமை மட்டும்தான் ஓட்டத் தெரியும். பயாஸுக்குப் பதிலாக யூஇஎஃப்ஐ என்ற புது வகை வந்தபிறகு பல வருசம் கார்டுகள் இரண்டு வகையையும் சேர்த்தே சுமந்தன. சமீபத்தியவை சிலவற்றில் யூஇஎஃப்ஐ வகை மட்டுமே இருக்கிறது. என் போர்டு யூஇஎஃப்ஐ இல்லாத சுத்தப் பழைய பயாஸ். கார்டு கண்ணெதிரே உட்கார்ந்திருக்க, 'டிஸ்ப்ளே கார்டே இல்லை' என்றுதான் பீப் அடித்திருக்கிறது. ஹெச்61 போர்டுகளிலேயே யூஇஎஃப்ஐ உள்ளவையும் உண்டு. அதனால் சிப்செட் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். பயாஸ் ஸ்கிரீனுக்குள் போய் யூஇஎஃப்ஐ என்ற வார்த்தை கண்ணில் படுகிறதா என்று பாருங்கள்.

மறுபடி காந்திபுரம். "அண்ணா, கார்டு ரிப்பேர் இல்லைங்க, என் பயாஸுக்கு ஒத்துவரலை" என்று விவரம் சொன்னதும் அவர் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார். இந்த முறை ஜிடி 1030 என்ற கார்டு. 2017இல் வந்தது, 30 வாட் போதும். இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும்: அதே பெயரில் ஜிடிடிஆர்5 மெமரியோடும் டிடிஆர்4 மெமரியோடும் கார்டு இருக்கிறது. டிடிஆர்4 உள்ளதில் மெமரி வேகம் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். டப்பாவைத் திருப்பிப் படித்து ஜிடிடிஆர்5 என்று உறுதி செய்துகொண்ட பிறகே பணம் கொடுத்தேன். வீட்டில் மாட்டினேன். ஒரே ஒரு பீப், படம் வந்துவிட்டது. 'க்ஷ' ஓரம் கத்தி வைத்து வெட்டியது மாதிரி நின்றது.

அடுத்து எஸ்எஸ்டி. இருந்த ஒரே பெரிய ஸ்லாட் கிராபிக்ஸுக்குப் போய்விட்டது. மிச்சம் குட்டி எக்ஸ்1 ஸ்லாட் ஒன்று, அதாவது டேட்டா போக ஒரே ஒரு பாதை (லேன்) உள்ளது. எஸ்எஸ்டியை ஸ்லாட்டில் மாட்டித் தரும் அடாப்டர் கடைகளில் அதிகம் கிடைப்பது நாலு லேன் உள்ள எக்ஸ்4 நீளம். அது பின்பக்கம் அடைத்த எக்ஸ்1 ஸ்லாட்டில் இறங்காது. ஸ்லாட்டின் முனையை பிளேடால் அறுப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தத் தைரியம் இல்லை, எக்ஸ்1 நீளத்துக்கே செய்த அடாப்டரை வரவழைத்தேன். ஒரு லேன்தானே, என்ன வேகம் வந்துவிடும் என்று தோன்றலாம். நானும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன். 2.0இல் ஒரு லேன் விநாடிக்கு 500 எம்பி. ஹெச்61இல் ஹார்ட் டிஸ்க் ஒயர் மாட்டும் சாட்டா போர்ட்கள் எல்லாமே விநாடிக்கு 3 ஜிபிட், அதாவது உச்சமே 300 எம்பி. ஆக ஒற்றை லேனே சாட்டாவைத் தாண்டிவிடும். கைக்கு வந்தது 400 எம்பியை ஒட்டி. ஜி41 சிப்செட் மாதிரி இன்னும் பழைய போர்டு என்றால் அந்த எக்ஸ்1 ஸ்லாட் 250 எம்பியோடு நின்றுவிடும். அங்கே இந்த வேலைக்குப் பெரிய பலன் இல்லை.

இந்த அடாப்டரில் சொருகும் எஸ்எஸ்டி, எம்.2 என்ற குச்சி வடிவம். வாங்கும்போது அதன் பின் வரிசையில் உள்ள வெட்டைப் பாருங்கள். இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா வகை. இந்த அடாப்டரில் அது வேலை செய்யாது.

விண்டோஸ் 10க்குள் எஸ்எஸ்டி உடனே தெரிந்தது. ஆனால் அதிலிருந்து கம்ப்யூட்டர் பூட் ஆகாது, அதாவது கிளம்பாது, ஏனென்றால் பயாஸுக்கு என்விஎம்இ என்றால் என்னவென்றே தெரியாது. டேட்டா வைக்க மட்டும் என்றால் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு விண்டோஸே அதில் வேண்டும். அதற்கு க்ளோவர் என்ற பூட்லோடரை (விண்டோஸைத் துவக்கிவிடும் சின்ன புரோகிராம்) ஒரு சின்ன பென்டிரைவில் ஏற்றி, அதோடு வரும் என்விஎம்இ டிரைவர் ஃபைலை டிரைவர் ஃபோல்டருக்குள் காப்பி செய்தேன். பயாஸ் பென்டிரைவை எழுப்பும், க்ளோவர் எஸ்எஸ்டியை எழுப்பும், அது விண்டோஸை எழுப்பும். விண்டோஸ் இன்ஸ்டால் பென்டிரைவையும் க்ளோவர் வழியாகவே துவக்க வேண்டும், அப்போதுதான் யூஇஎஃப்ஐ முறையில் ஏறும். அந்த நேரம் பழைய ஹார்ட் டிஸ்க் ஒயரைப் பிடுங்கி வையுங்கள். முதல் தடவை நான் பிடுங்கவில்லை. பூட் பகுதி ஹார்ட் டிஸ்கில் போய் உட்கார்ந்துவிட்டது, முழுசாகத் திரும்பச் செய்ய வேண்டி வந்தது. இரண்டு முறையும் சேர்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓடிவிட்டது.

இப்போது கோரல் டிரா பத்து விநாடிக்குள் திறக்கிறது. அந்த பென்டிரைவ் இல்லாமல் மெஷின் கிளம்பாது. கடைக்கு வருகிறவர்கள் பாட்டுக் காப்பி செய்ய அதைப் பிடுங்கிவிடுவார்களோ என்று பயமாக இருந்தது. அதனால் போர்டுக்குள் இருக்கும் யூஎஸ்பி பின்களில் ஒரு சின்ன கன்வெர்ட்டர் போட்டு கேபினெட்டுக்கு உள்ளேயே மாட்டிவிட்டேன். இன்னொரு பென்டிரைவில் அதே காப்பி எடுத்து, மேல் 'கடை கம்ப்யூட்டர் சாவி' என்று ஒட்டி, கல்லாப்பெட்டியில் வைத்திருக்கிறேன்.