தசைநாணா, நரம்பா? ஆர்த்தோ பிராக்டிகலுக்குப் போகும் ஜூனியர்களுக்கு

ரிசல்ட் வந்துவிட்டது. பி.பி.டி. (பிசியோதெரபி பட்டப்படிப்பு) இறுதியாண்டு ஆர்த்தோவில், அதாவது எலும்பு, மூட்டு, தசைப் பாடத்தில், தேறிவிட்டேன். மனசு லேசாக இருக்கிறது. எல்லாம் நினைவில் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன். நான் சொல்ல வருவது ஒன்றுதான்: கை கால் வலி எது வந்தாலும், அது தசைநாணா (தசையை எலும்போடு இணைக்கும் நார்), நரம்பா என்று பிரிக்க, வலிக்கிற இடத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு தூரத்து மூட்டை அசைத்துப் பாருங்கள்.

எனக்கு விழுந்த லாங் கேஸ் (முழுதாகப் பரிசோதித்துச் சொல்ல வேண்டிய நோயாளி) முழங்கையின் வெளிப்பக்க வலி. வீட்டு வேலைக்குப் போகும் ஒரு அக்கா. துணி பிழிந்தால் உயிர் போகிறது என்றார். அந்த வலிக்கான டெஸ்டுகள் கோசன், மாட்ஸ்லி, மில்ஸ் மூன்றும் பாசிட்டிவ். "டென்னிஸ் எல்போ சார்" என்றேன், அதாவது முழங்கைத் தசைநாண் வலி. எக்ஸ்டெர்னல் (வெளியிலிருந்து வந்த தேர்வாளர்) நிமிராமலே கேட்டார்: "ரேடியல் நரம்பு இல்லேன்னு எப்படிம்மா சொல்றே?"

மில்ஸில் முழங்கையை நீட்டி, முன்கையை உள்பக்கம் திருப்பி, மணிக்கட்டை மடக்குகிறோம். ரேடியல் நரம்புக்கான யு.எல்.டி.டி.யிலும் (கை நரம்பை இழுத்துப் பார்க்கும் டெஸ்ட்) அதேதான், தோள்பட்டையைக் கீழே அழுத்துவதும் கையை உள்நோக்கிச் சுழற்றுவதும் கூடுதல். அதனால் இரண்டிலும் ஈ.சி.ஆர்.பி. (மணிக்கட்டை நிமிர்த்தும் தசை) தசைநாண் இழுபடும், இரண்டிலும் வலிக்கும். அந்த வலியை மட்டும் வைத்து ஒன்றுமே சொல்ல முடியாது. அக்காவின் கையை அப்படியே பிடித்துக்கொண்டு கழுத்தை எதிர்ப்பக்கம் சாய்க்கச் சொன்னேன். வலி கூடவில்லை. தோள்பட்டை அழுத்தத்தை விட்டேன். குறையவும் இல்லை. ஈ.சி.ஆர்.பி. கழுத்து வரை போவதில்லை, நரம்பு போகிறது. அதனால் இது தசைநாண்தான் என்றேன். சார் தலையாட்டிவிட்டு சிகிச்சைக்குப் போய்விட்டார்.

காலிலும் இதே கதைதான். ஸ்லம்ப்பில் (கூனி உட்கார்ந்து, தலையைக் குனிந்து, காலை நீட்டும் டெஸ்ட்) தொடைப் பின்பக்கம் இழுத்தால், காலை அசைக்காமல் தலையை மட்டும் நிமிர்த்தச் சொல்லுங்கள். வலி விட்டால் நரம்பைச் சந்தேகியுங்கள். ஹாம்ஸ்ட்ரிங்குக்கு (தொடைப் பின்பக்கத் தசை) தலை நிமிர்ந்ததே தெரியாது.

டெஸ்ட் பெயர்களை அடுக்கிப் பாடம் பண்ணுவது எனக்கு ஒத்துவராது. இவை போதும்:

- நல்ல பக்கத்தை முதலில் பாருங்கள். யு.எல்.டி.டி.யில் ஆரோக்கியமானவருக்கும் இழுக்கும். "உங்க வலி இதுதானா?" என்று கேட்காமல் பாசிட்டிவ் எழுதாதீர்கள்.
- முழங்கையில் தொட்டால் எபிகாண்டைலில் (வெளிப்பக்க எலும்பு முனை) வலியா, மூன்று நான்கு செ.மீ. கீழே சுபினேட்டர் தசை மேலா? கீழே என்றால் ரேடியல் டன்னல் (ரேடியல் நரம்பு அங்கே நெருக்கப்படுவது). நடுவிரல் டெஸ்ட் (மாட்ஸ்லிதான்) இரண்டிலும் வலிக்கும், நம்பி ஏமாறாதீர்கள்.
- கழுத்துக்கு வைன்னர் 2003 ஆய்வின் நான்கு டெஸ்டுகள்: ஸ்பர்லிங் (கழுத்தைச் சாய்த்துத் தலையை அழுத்துவது), டிஸ்ட்ராக்‌ஷன் (தலையை மேலே இழுப்பது), வலிப்பக்கம் 60 டிகிரிக்குள் நிற்கும் கழுத்துச் சுழற்சி, மீடியன் நரம்புக்கான யு.எல்.டி.டி. நான்கும் சேர்ந்தால் ரேடிகுலோபதிக்கு (கழுத்தில் நரம்பு வேர் பாதிப்பு) வாய்ப்பு மிக அதிகம்.
- ரிஃப்ளெக்ஸ், மையோடோம் (நரம்பு வேர்வாரியாகத் தசை பலம்), டெர்மடோம் (நரம்பு வேர்வாரியாகத் தோல் உணர்வு). இவற்றை விட்டால் மன்னிக்கவே மாட்டார்கள்.

சிகிச்சையில் அல்ட்ராசவுண்டையும் டென்ஸையும் (வலிக்கு மின்தூண்டல் தரும் கருவி) முதலில் சொல்லாதீர்கள். தசைநாணுக்குச் சுமை கொடுக்கும் பயிற்சிதான் மருந்து. அகிலிஸ் (குதிகால் தசைநாண்) ஷார்ட் கேஸ் வந்தால் ஆல்ஃபிரெட்ஸன் 1998 ஆய்வின் பயிற்சி: எக்ஸென்ட்ரிக் (படி விளிம்பில் நின்று குதிகாலை மெல்ல இறக்குவது), முட்டி நீட்டியும் மடக்கியும் 15 வீதம் 3 செட், தினம் இரண்டு வேளை, 12 வாரம். வலி குதிகால் எலும்பில் ஒட்டுமிடத்தில் என்றால் படிக்குக் கீழே குதிகாலை இறக்கக் கூடாது. இதைக் கேட்காமல் விடமாட்டார்கள். நரம்பு எரிச்சலாக இருந்தால் ஸ்லைடர் (நரம்பை இழுக்காமல் வழுக்கவிடும் பயிற்சி) முதலில், டென்ஷனர் (நரம்பை இழுக்கும் பயிற்சி) பிறகு.

ரூம்மேட்டின் கையில் தினமும் பழகுங்கள், வாயால் சொல்லிக்கொண்டே. மௌனமாகச் செய்கிற டெஸ்டுக்கு எந்த எக்ஸ்டெர்னலும் மார்க் போடுவதில்லை.