நூல் விலையும் கப்பல் பயண நாட்களும்

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் கொள்முதல் பிரிவில் பணியாற்றும் எனக்கு, 2023 டிசம்பரில் செங்கடல் வழி ஆபத்தானபோதுதான் நாட்களும் ஒரு செலவே என்பது முழுமையாக உறைத்தது. சூயஸ் கால்வாயைத் தவிர்த்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சென்ற கப்பல்கள் ஐரோப்பாவை அடைய ஏறத்தாழ இரண்டு வாரம் கூடுதலாயிற்று. எங்கள் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் எஃப்.ஓ.பி. (சரக்கைக் கப்பலில் ஏற்றும் வரை மட்டுமே விற்பவர் பொறுப்பு) முறையிலானவை என்பதால் கப்பல் கட்டணத்தை வாங்குபவரே செலுத்துகிறார். ஆயினும் அடுத்த பருவத்துக்கான விலைப் பேச்சில் அந்தச் சுமையின் ஒரு பகுதியை அவர் எங்கள் பக்கம் நகர்த்துவதோடு, சரக்கையும் முன்கூட்டியே கேட்கிறார். தாமதம் எங்களுடையதானால் விமானத்தில் அனுப்ப வேண்டும். அந்தச் செலவு அந்த ஆர்டரின் லாபம் முழுவதையும் விழுங்கிவிடும்.

கேட்கப்படும் மொத்த எண்ணிக்கையைவிட நிறமும் சைஸும்தான் கடைசி நேரத்தில் அதிகம் மாறுகின்றன. எனவே நூலை முன்னதாக வாங்கித் துணியாகப் பின்னி வைத்துக்கொண்டு, நிறம் உறுதியான பிறகே சாயமேற்ற அனுப்புகிறோம். இதில் பணம் முடங்குகிறது என்பது உண்மையே; ஆனால் விற்காத நிறத்தில் தேங்கும் துணியைவிட இந்த முடக்கம் எவ்வளவோ மேல்.

2022-இல் நூல் விலை கடுமையாக ஏறி, பஞ்சு மீதான 11 சதவீத இறக்குமதி வரியை மத்திய அரசு தற்காலிகமாக நீக்கிய காலத்தில், நாங்கள் ஒரே நூற்பாலையை நம்பியிருந்தோம். இப்போது மூன்று ஆலைகளிடம் வாங்குகிறோம்.